சுத்து வாங்குகிறவர்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையிலிருந்து பயணச்சீட்டு நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தபோது அவள், "விரலுக்குத் தெரிய மாட்டேங்குதுங்கக்கா, பிடிச்சிருக்குதா இல்லியான்னு" என்றாள். கதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் காது நீண்டுவிடும். எனக்கும் நீண்டது. சூளகிரி வருவதற்குள் பாதியையும், கிருஷ்ணகிரி வருவதற்குள் மீதியையும் கறந்துவிட்டேன். கறந்தேன் என்பதுதான் சரியான சொல். அவள் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்கிற எரிச்சலில் சொன்னாள்.

"எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுவேன்."

"பேர மாத்திடுங்க."

மாத்திவிட்டேன். பவளம் என்று வைத்திருக்கிறேன். தொடக்கம்தான் அமையவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[ஓசூரின் இளங்குளிரில் சிப்காட்டின் சங்கு நீளமாக ஊதியபோது பவளம்...] வேண்டாம். சிப்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சங்கை ஊதிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

[உடல் என்பது என்ன? மனிதன் தன் உடலுக்குள் குடியிருக்கிறானா அல்லது...] இது கட்டுரை. அதிலும் சம்பளத்துக்கு எழுதின கட்டுரை.

[பவளத்தின் வலது கை செத்துப்போய்...] கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். கை சாகவில்லை. மரத்துப்போகும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். செத்துத் தொலைந்திருந்தாலாவது மருத்துவச் சான்றிதழ் கிடைத்திருக்கும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். 2008-இல், ஓசூரில், கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற ஒரு தொழிற்சாலையில், பெண் தொழிலாளர்களுக்கு மூன்று நாள் தீவிர உடலசைவு மற்றும் உடல் விழிப்புப் பயிற்சி வகுப்பு நடந்தது. அந்த வகுப்பு நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததால் பவளத்துக்கு வேலை போயிற்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டாளே என்று புத்தகத்தை மூட வேண்டாம். வேலை போனது முடிவில்லை. முடிவு என்னவென்று எனக்கே தெரியாது.

2

ஒரு காருக்குள் எத்தனை வயர் ஓடுகிறது என்று நாம் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. அத்தனையையும் வரிசைப்படுத்தி, ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு டேப்பை இறுக்கமாகச் சுற்றி அனுப்ப வேண்டும். சாய்த்து நிறுத்திய நீளமான பலகை ஒன்றில் இந்த வேலை நடக்கும். அதற்கு போர்டு என்று பெயர். ஒரு போர்டுக்கு இரண்டு பெண்கள். இடப்பாதி பவளத்துடையது, வலப்பாதி சத்யப்ரியாவுடையது. மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி டேப் சுற்றுவதுதான் நாள் முழுக்க வேலை.

பவளம் நாகரசம்பட்டிக்காரி. சத்யப்ரியா கோவில்பட்டிப் பக்கம். சிப்காட்டுக்குப் பின்னால் ஓர் அறையை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருவரும் பயிற்சித் தொழிலாளர்கள், அதாவது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருடம் ஆகும் என்று பேச்சு.

நிரந்தரமானால் பவளம் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆகாவிட்டால் மாம்பழ மண்டி வைத்திருக்கிற கோவிந்தப்பனின் மகனுக்கு அவளைக் கட்டிக் கொடுப்பதென்று அப்பா நாராயணப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கெட்டவன் இல்லையாம். "அவன் கெட்டவனா இருந்திருந்தா எங்கம்மாகிட்ட சொல்லித் தப்பிச்சிருப்பேன்" என்றாள் பவளம். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் டீ போட்டுத் தராமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரம். அதை இழக்க அவள் தயாராக இல்லை. இந்த ஆசையை அற்பம் என்று நினைக்கிற வாசகர், தான் நேற்று யாருக்கு டீ போட்டுக் கொடுத்தார் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, கை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்தே வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. சொல்ல முடியாது. கையில் கோளாறு என்று தெரிந்தால் நிரந்தரம் கிடையாது. அந்த ஆலையில் பாதிப் பெண்களுக்கு இதே கதை. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கை மரத்துவிட்டால், விரல் முட்டியால் போர்டின் விளிம்பில் லேசாகத் தட்டுவார்கள். உடனே பக்கத்தில் நிற்பவள் தன் பாதியோடு சேர்த்து இந்தப் பக்கத்துச் சுற்றுகளையும் தானே சுற்றிக் கொடுப்பாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள், பேச மாட்டாள். கைக்கு உணர்வு வந்ததும் தட்டியவள் தன் வேலையை எடுத்துக்கொள்வாள். இதற்குச் சுத்து வாங்குவது என்று பெயர். இன்றைக்கு நான் உன் சுத்தை வாங்கினால் நாளைக்கு நீ என் சுத்தை வாங்குவாய். கணக்குப் பார்க்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. நன்றி சொன்னவளை மற்றவர்கள் ஒரு வாரம் கிண்டல் செய்வார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டேன். பவளத்துக்குத் தெரியவில்லை. அவள் சேர்ந்தபோதே இருந்ததாம். நான் ஒரு மூத்த பெண்ணைக் கற்பனை செய்து, முதல் நாள் அவள் பவளத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.)

3

பயிற்சி வகுப்பு எதற்காக வந்தது என்றால், கார் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர்கள், "தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். சாப்பாடு போடுகிறோம் என்பது போதவில்லை. மனிதவள அதிகாரி ஆனந்த் எங்கோ விசாரித்து, பெங்களூரிலிருந்து சுமித்ரா என்ற நடனக்காரியைக் கூட்டி வந்தார்.

கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ரசவாடை போகாத தரையில் பெண்களை நிற்கவைத்து ஆனந்த் பேசினார். "இது சும்மா விளையாட்டுன்னு நினைக்காதீங்க. யார் யார் ஆர்வமா கலந்துக்கிறீங்கன்னு பாப்போம். கன்ஃபர்மேஷன்ல அதையும் கன்சிடர் பண்ணுவோம்."

அந்த ஒரு வாக்கியம் போதும். அறுபது பெண்களும் ஆர்வமாகிவிட்டார்கள்.

சுமித்ரா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றாள். முதல் பயிற்சி, நடப்பது. "இந்த ஹால் முழுக்க உங்களுது. எங்க வேணா நடங்க. எப்படி வேணா நடங்க." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒற்றை வரிசையாக, சுவரை ஒட்டி, இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஆலைக்குள் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதற்குள்தான் நடக்க வேண்டும், தாண்டினால் திட்டு விழும். கேன்டீனில் கோடே கிடையாது. இருந்தும் கோட்டுக்குள் நடந்தார்கள். மூலை வந்ததும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பினார்கள். சுமித்ரா சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டாள்.

அடுத்தது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி, பாதத்திலிருந்து தலைவரைக்கும் ஒவ்வோர் உறுப்பாக நினைத்துக்கொள்வது. முழங்காலுக்கு வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கே எழுந்தவர்கள். ஆனந்துக்குக் கோபம். சுமித்ரா உதட்டில் விரலை வைத்து அவரை வெளியே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரம் முடிகிற வரைக்கும் எல்லோரையும் தூங்கவிட்டாள்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இந்த சுமித்ராவை நான் வில்லியாக்கத்தான் திட்டம் போட்டிருந்தேன். கையில் செம்பு தண்ணீர் பாட்டில், கைத்தறிக் காற்சட்டை, ஏழைகளின் உடம்பைப் பார்த்துப் பரவசப்படுகிற பெரிய கண்கள். எல்லாம் தயாராக இருந்தது. பவளம் விடவில்லை.

"அவங்க நல்லவங்கக்கா."

"இதெல்லாம் அவங்களாலதானே வந்தது?"

"அதுக்காக? நல்லவங்கள நல்லவங்கன்னுதான சொல்லணும்?"

எழுத்தாளர்களுக்கு இந்த மாதிரிப் பாத்திரங்களால் பிழைப்பே நடக்காது.

4

இரண்டாம் நாள்.

[அன்று பவளம் தன் உடலைக் கண்டடைந்தாள்...] அடித்துவிட்டேன். உடல் என்ன தொலைந்த ஆட்டுக்குட்டியா, கண்டடைவதற்கு?

நடந்தது இதுதான். இருவர் இருவராக நிற்க வேண்டும். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தன் கையின் பாரம் முழுவதையும் மற்றவளிடம் விட்டுவிட வேண்டும். மற்றவள் தாங்கிக்கொள்வாள். சுலபம் என்று தோன்றும். யாராலும் முடியவில்லை. எல்லோருடைய கையும் தானாகவே கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. மற்றவளுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று.

சுமித்ரா ஒவ்வொரு ஜோடியாக வந்தாள். பவளத்தின் முன்னால் நின்று அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"விடுங்க."

"விட்டுட்டேங்க மேடம்."

"இன்னும் இல்ல. தோள்ல பிடிச்சிட்டிருக்கீங்க. பரவாயில்ல, டைம் எடுத்துக்கோங்க. நான் எங்கயும் போகல."

அப்படியே நின்றாள். பக்கத்து ஜோடிக்குப் போகவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பவளத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, தோள் தளர்ந்து கை முழுப் பாரத்தோடு இறங்கியது. சுமித்ரா அதை வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து, "இங்க உணர்ச்சி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வாய்விட்டு யாரிடமும் சொல்லாத விஷயம். பெற்றவளிடம்கூடச் சொல்லாதது.

"சில நேரம் இருக்காதுங்க" என்றாள் பவளம்.

"எவ்வளவு நாளா?"

பவளத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுமித்ரா அதற்கு மேல் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இந்நேரம் அவள் ஆனந்திடம் போய்ச் சொல்லியிருப்பாள் என்று ஊகித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஊகித்தேன். அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு அறைக்குத் திரும்பும் வழியில் பவளம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னட்டி, பேய் பிடிச்சிட்டா?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

"என்னமோ கை லேசா இருக்குதுடி. யாரோ சுத்து வாங்குன மாதிரி."

"பைசா வாங்கிட்டு செய்யிதாங்க அந்தம்மா. நாம ஓசியில செய்யிதோம்லா."

"அதுக்கில்லடி. நம்மளப் பாத்து யாராவது கேட்டாங்களா இத்தன நாளு?"

சத்யப்ரியாவுக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. கேட்பவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. கதையில் அவளுக்கு இதைவிடப் பெரிய வசனம் கொடுக்கலாம் என்று யோசித்தேன். வேண்டாம். நடந்தது தெரிந்த பிறகு புத்திசாலியாக்குவது யாராலும் முடியும்.

5

மூன்றாம் நாள் கடைசி மணி நேரத்தில், கற்றுக்கொண்டதை எல்லோர் முன்னிலையிலும் காட்ட வேண்டும். ஆலையின் மேலாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஆனந்த். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பவளத்தின் வரிசையைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் பூபதி.

ஜோடிக்கு ஓர் அசைவு, பேச்சில்லாமல். "ஒருத்தருக்கு முடியாதப்போ இன்னொருத்தர் என்ன செய்வாங்க? உங்க வாழ்க்கைல இருந்து எடுங்க" என்று சுமித்ரா சொல்லியிருந்தாள். ஒரு ஜோடி, தலைச்சுமையை இறக்கிக் கொடுப்பதைக் காட்டியது. இன்னொரு ஜோடி, கூட்டமான பேருந்தில் கைக்குழந்தையை வாங்கிக்கொள்வதைக் காட்டியது. மேலாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பவளமும் சத்யப்ரியாவும் கிணற்றில் நீர் இறைப்பதைக் காட்டுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். ஒருத்தி களைத்ததும் மற்றவள் கயிற்றை வாங்க வேண்டும். அப்படித்தான் தொடங்கினார்கள். நாலு இழுப்பு இழுத்திருப்பார்கள். பவளம் இல்லாத கயிற்றை விட்டாள். நிமிர்ந்து நின்றாள். சுவரோரம் தள்ளியிருந்த மேசையின் முன்னால் போய், இல்லாத டேப்பை எடுத்து, இல்லாத வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள், சுற்றினாள், கை தொங்கியது. விரல் முட்டியால் மேசை விளிம்பில் தட்டினாள்.

சத்யப்ரியா யோசித்திருந்தால் அசைந்திருக்க மாட்டாள். ஆனால் அந்தச் சத்தத்துக்கு யோசிக்கிற வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. தட்டியதும் அவள் உடம்பு நகர்ந்தது. கண் கீழே, வாய் மூடி, தன் பக்கத்தை விட்டு இவள் பக்கம் வந்து சுற்ற ஆரம்பித்தாள். எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம். ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.

உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுமித்ராவின் கண் கலங்கியிருந்தது. "இதுதான். மூணு நாளா நான் சொல்ல வந்தது இதுதான். இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு!"

மேலாளர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "இது என்ன? தினமும் செய்யறீங்களா?"

"ஆமாங்க சார்" என்றாள் பவளம். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வெளிச்சம். "யாருக்காச்சும் கை மரத்துப்போச்சுன்னா பக்கத்துல இருக்கறவங்க சுத்து வாங்கிக்குவோம்ங்க."

"அப்ப அவங்க வேலை நிக்காதா?"

"நிக்காதுங்க சார். ரெண்டையும் பாத்துக்குவாங்க. ஒரு பீஸ்கூட லேட் ஆனதில்லிங்க."

பெருமையாகச் சொன்னாள். ஒரு பீஸ்கூட லேட் ஆனதில்லை என்று, யாரும் கேட்காமலே.

முதலில் கை தட்டியது மேலாளர்தான்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்தி, பவளத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு. எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அவளைக் கிணற்றிலேயே நீர் இறைக்கவைத்து, கைதட்டு வாங்கவைத்து, வேலையை நிரந்தரமாக்கி அனுப்பியிருக்கலாம். ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். படித்தேன். பொய் பல்லைக் காட்டியது.)

6

அடுத்த வாரம் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர் ஸ்டாப்வாட்ச்சோடு சத்யப்ரியாவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பவளத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒரே ஆள் போர்டின் இரண்டு பாதியையும் பார்த்தால் எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். சத்யப்ரியா வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றப் பார்த்தாள். கை கேட்கவில்லை. பழகின கை.

அதே மாதத்தில் அந்தப் போர்டு ஒற்றை ஆள் போர்டாக மாறியது. சத்யப்ரியாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. பவளத்தை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவள்தான் எல்லோர் முன்னாலும் கை மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டாளே. மூன்று மாதத்தில் முடிகிற பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படாது என்று ஆனந்த் சொன்னார். "பர்சனலா எனக்கு வருத்தம்தான். அன்னிக்கு நீங்க செஞ்சது சூப்பர். இன்னும் எல்லாரும் அதப் பத்திப் பேசறாங்க."

மேலாளரின் அறிவை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது பெண்களும் நடன ஆசிரியையும் அந்தக் காட்சியில் அன்பைப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் அதில் மிச்சமாகும் ஆளைப் பார்த்தார்.

பூபதி அவளை டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னாத்துக்கும்மா அதப் போயி அங்க காட்டுன?"

"உங்களுக்குத் தெரியுமாங்கண்ணா?"

"தெரியாம? இந்த லைன்ல எத்தினி வருசமா நிக்கறேன். பாக்காத மாதிரி இருந்தேன். நான் பாக்கலைன்னா நடக்காத மாதிரிதான? இப்ப அவரே பாத்துட்டாரு. இனிமே நான் எப்பிடிம்மா பாக்காம இருக்கறது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றாள் பவளம்.

(இன்னோர் அடிக்குறிப்பு. மற்ற போர்டுகளில் இன்னும் இரண்டிரண்டு பேர்தான் நிற்கிறார்கள். மற்ற ஆலைகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஆகவே நான் ஒன்று செய்திருக்கிறேன். வேலை டேப் சுற்றுவதுதானா என்று உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டுவது விரல் முட்டியாலா, வேறு எதனாலா என்பதும் அப்படியே. படிக்கிறவர்களில் மேலாளர்களும் இருப்பார்கள். அவர்களும் கதை படிக்கிறார்கள், கைகூடத் தட்டுகிறார்கள்.)

7

முடிவுகள். பேருந்திலேயே என்னிடம் சில தயாராக இருந்தன.

ஒன்று: சுமித்ராவுக்கு விஷயம் தெரிகிறது. பெங்களூரிலிருந்து ஓடி வருகிறாள். மேலாளர் அறைக்குள் புகுந்து சத்தம் போடுகிறாள். இதைச் சொன்னபோது பவளம், "அவங்களுக்குத் தெரியவே தெரியாதுங்கக்கா. தெரிஞ்சா பாவம், அழுவாங்க" என்றாள். சுமித்ராவுக்கு அதே தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு ஆலைகளில் வகுப்பு எடுக்க அழைப்பு வந்ததாம். இந்த ஆலையிலிருந்துதான் சிபாரிசு.

இன்னொன்று: பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். ஆலை முழுக்க அந்தச் சத்தம். வேலை நிற்கிறது. சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எழுதினால் ஆறு பக்கம் வரும். பவளம் கேட்டுவிட்டு, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "எல்லாரும் தட்டிட்டா யாருக்கா வாங்கறது?"

மற்றொன்று: அவள் நாகரசம்பட்டிக்குப் போகிறாள், கோவிந்தப்பனின் மகனைக் கட்டிக்கொள்கிறாள், மாந்தோப்பு, பிள்ளைகள், போதாததற்கு ஒரு மழை. [மண்ணின் மணம் அவளை...] இதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நடக்கப்போவது அநேகமாக இதுதான். ஆனால் நடக்கப்போவதையெல்லாம் முடிவு என்று சொல்லிவிட முடியாது.

8

பேருந்தில் நான் அவளைப் பார்த்தது, அறையைக் காலி செய்துகொண்டு அவள் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. காலடியில் ஒரு பெட்டியும் ஒரு பக்கெட்டும் இருந்தன. புறப்படுவதற்கு முன்னால் அறையில் நடந்ததைக் கடைசியாகச் சொன்னாள்.

காலை பதினோரு மணி. சத்யப்ரியா தலைக்குக் குளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சீப்பைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பாதி போர்டும் அவள் ஒருத்தி என்று ஆகி மூன்று மாதமாகியிருந்தது. பவளம் பெட்டியை மூடிவிட்டு, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது கையால் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இருவரும் வெகு நாளாகப் பேசிக்கொள்ளவே இல்லை. சோறு ஆக்கினார்கள், வாடகை கொடுத்தார்கள், பேசவில்லை.

சத்யப்ரியா திரும்பாமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன். உள்ளத சொல்லணும். கெணத்துல தண்ணி எறைக்கதுன்னுதான பேசி வச்சிருந்தோம். நீ ஏன் தட்டுன?"

நான் பவளத்தை இடைமறித்தேன். அவளுக்காகப் பதில்கள் வைத்திருந்தேன். நிரந்தர வேலைக்கு ஆசைப்பட்டு, மேலாளரின் கண்ணில் பட வேண்டும் என்று தட்டினேன். அல்லது, கை உண்மையாகவே அந்த நேரத்தில் மரத்துப்போயிற்று, பழக்கத்தில் தட்டிவிட்டேன். அல்லது, எங்களையும் கொஞ்சம் பாருங்களேன் என்று தட்டினேன். எதுவாக இருந்தாலும் கதை நின்றுவிடும். எது என்று கேட்டேன்.

பவளம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குருபரப்பள்ளி தாண்டிக்கொண்டிருந்தது.

"சந்தோசமா இருந்துச்சுடின்னு சொன்னேன்" என்றாள். "வேற ஒண்ணுமில்லீங்கக்கா. மூணு நாளா சந்தோசமா இருந்துச்சு. நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லது எதுன்னு யோசிச்சேன். அதக் காட்டலாம்னு தோணிச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு மனுஷி மூன்று நாள் சந்தோஷமாக இருந்ததற்கு இவ்வளவு விலையா என்று ஆத்திரம். அதை விழுங்கிக்கொண்டு, எழுத்தாளர்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"அதுக்கு சத்யப்ரியா என்ன சொன்னா?"

அவள் திரும்பி என்னை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்த மாதிரி ஒரு பார்வை.

"அதச் சொல்ல மாட்டேங்கக்கா" என்றாள். "நல்லா இருந்ததுன்னு ஒருதரம் காட்டுனதே போதும்."

அப்புறம் கிருஷ்ணகிரி வரைக்கும் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சத்யப்ரியாவின் பதிலை எழுதிப் பார்த்தேன். திட்டுகிற மாதிரி ஒன்று, கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி ஒன்று, எழுந்து போய்விடுகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த இடம் இங்கே காலியாக இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றும். தோன்றினால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம்.